சிப்பாயா, கூலியாளா? – ஒரு போர்முகாம் எழுப்பிய கேள்வி



திருக்குறளில் 'படைமாட்சி' என்றோர் அதிகாரம் உண்டு. தேய்ந்து சிறுத்துப்போதலும், நீங்காத வெறுப்பும், வறுமையும் இல்லாத படையே வெல்லும் என்று அவ்வதிகாரத்தில் ஓரிடத்தில் வள்ளுவர் உரைக்கின்றார். வாளையும் வேலையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில், வீரனின் மனக்கசப்பையும் அவனுடைய வெறுங்கையையும் பற்றிப் பேசியிருக்கின்றாரே என்று நான் பல முறை வியந்ததுண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பின்னரே அக்குறளின் ஆழம் எனக்கு விளங்கிற்று.

1861 முதல் 1865 வரை நடந்த அப்போரைப் பற்றி நம் பிள்ளைகளிடம் கேட்டால், ஆபிரகாம் லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாமும் அவ்வளவுதான் படித்தோம். அந்த ஒரு வரிக்குள் நான்காண்டுகள் கூடாரங்களில் வாழ்ந்த இலட்சக்கணக்கான சாதாரண மனிதர்கள் மறைந்து கிடக்கின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 179,000 பேர், லிங்கனின் அரசுக்காகப் போரிட்ட கறுப்பினப் படைவீரர்கள். அவர்களது முகாம் வாழ்க்கையைப் பற்றியே இன்று எழுத விழைகின்றேன். ஆசிரியர்களாகிய நமக்கும் அந்த முகாமுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுகின்றேன்.

முகாமில் ஒரு நாள்

போர் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது துப்பாக்கிச் சத்தமும் புகையும்தான். உண்மையில் ஒரு சிப்பாயின் வாழ்நாளில் சண்டை நடந்த நாட்கள் மிகச் சில. மற்ற நாட்களெல்லாம் முகாமில் கழிந்தவை. விடியலில் முரசொலி கேட்டு எழுதல், வருகைப் பதிவு, அணிவகுப்புப் பயிற்சி, விறகு வெட்டுதல், தண்ணீர் சுமத்தல், மீண்டும் பயிற்சி, இரவுக் காவல் என்று ஒரே செக்கைச் சுற்றிவரும் வாழ்க்கை அது.

உணவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, காப்பி, 'ஹார்ட்டேக்' எனப்பட்ட கெட்டி ரொட்டி ஆகியவையே. மாவும் நீரும் சேர்த்துச் சுடப்பட்ட அந்த ரொட்டி கல்போல் இறுகியிருக்கும். துப்பாக்கியின் பின்கட்டையால் உடைத்தோ காப்பியில் ஊறவைத்தோ உண்பார்கள். காப்பியில் போட்டவுடன் அதற்குள்ளிருந்த புழுக்கள் மேலே மிதந்து வருமாம்.

குண்டுகளைக் காட்டிலும் நோயே அதிக உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்போரில் மாண்ட வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வயிற்றுப்போக்கு, நச்சுக்காய்ச்சல், நிமோனியா, பெரியம்மை போன்ற நோய்களால் இறந்தவர்கள். கறுப்பினப் படைகளில் இந்த விகிதம் இன்னும் கூடுதலாக இருந்தது.

இத்தகைய துன்பங்களுக்கிடையிலும் முகாமில் சிரிப்பு இல்லாமற் போகவில்லை. தென் கரோலினா மாநிலக் கடற்கரையில், விடுதலை பெற்ற அடிமைகளைக் கொண்டு 1862ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு படைப்பிரிவு அமைக்கப்பட்டது. 'தென் கரோலினா முதலாம் தொண்டர் படை' என்பது அதன் பெயர். அப்படைக்கு முதலில் வழங்கப்பட்ட சீருடை சிவப்பு நிறம். வீரர்களுக்கு அது அறவே பிடிக்கவில்லை. பல மைல் தொலைவிலேயே எதிரியின் கண்ணில் பட்டுவிடுவோமே என்று முணுமுணுத்தனர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கத்தானே செய்கிறது? மேளம் கொட்டும் சிறுவர்களோ ஒரு பன்றிக்குட்டியைச் செல்லமாக வளர்த்து, அதனையும் அணிவகுப்புக்கு அழைத்து வந்து பெரியவர்களைச் சிரிக்க வைத்தனர்.

இச்செய்திகளையெல்லாம் எழுதி வைத்தவர் ஒரு படைத்தலைவர் அல்லர், ஓர் ஆசிரியை!

பதினான்கு வயது ஆசிரியை

அவர் பெயர் சூசி கிங் டெய்லர். 1848ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது அம்மாநிலத்தில் சட்டப்படி குற்றம். ஆயினும், சவானா நகரில் அடிமையல்லாத கறுப்பினப் பெண்மணி ஒருவர் தம் வீட்டில் இரகசியமாகப் பள்ளி நடத்தினார். சூசியும் அவருடைய தம்பியும் நாள்தோறும் அங்குச் சென்றனர். காவலர்களும் வெள்ளையர்களும் பார்த்துவிடாதபடி புத்தகங்களைக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்வார்களாம். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே நுழைவார்கள், ஒவ்வொருவராகவே வெளியேறுவார்கள்.

புத்தகப்பை கனக்கிறது என்று நாம் கவலைப்படும் இக்காலத்தில், புத்தகத்தையே மறைத்துச் சுமந்த அப்பிள்ளைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

1862ஆம் ஆண்டு, போர் ஜார்ஜியாவின் கடற்கரையை எட்டியபொழுது சூசி தம் உறவினருடன் தப்பி, வடக்கத்திய அரசின் பாதுகாப்பில் இருந்த ஒரு தீவை அடைந்தார். அவருக்குப் படிக்கவும் எழுதவும் தெரியும் என்பதை அறிந்த அதிகாரிகள் வியந்தனர். பள்ளியொன்றை நடத்த முடியுமா என்று கேட்டனர். புத்தகம் கொடுத்தால் நடத்துகின்றேன் என்றார் அவர். பகலில் ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள், இரவில் பெரியவர்கள். ஆசிரியைக்கு வயது பதினான்கு.

பின்னர், அப்படைப்பிரிவில் சார்ஜண்டாக இருந்த எட்வர்ட் கிங் என்பவரை மணந்து, படையுடனேயே முகாமில் வாழ்ந்தார். ஏட்டில் அவர் சலவைப் பெண். ஆயினும் அவர் துணி துவைத்தது சிறிதே. காவல் முடிந்து வரும் வீரர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்டக் கற்றுக்கொண்டார். பெரியம்மை கண்டவரின் கூடாரத்துக்குள் பிறர் செல்ல அஞ்சியபொழுது அவர் சென்று பணிவிடை செய்தார். காயமுற்றவர்களுக்குக் கொடுக்க நல்ல உணவு இல்லாத ஒரு நாளில், ஆமை முட்டையையும் டின்பாலையும் கலந்து இனிப்புப் பதார்த்தம் செய்து ஊட்டினார்.

அப்படையின் தலைவராக விளங்கிய தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் என்பவரும் தம் அனுபவங்களை எழுதியுள்ளார். தம் வீரர்கள் அரிச்சுவடியின் மீது கொண்டிருந்த காதலைக் கண்டு அவர் வியக்கின்றார். நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள், முகாம் நெருப்பின் வெளிச்சத்தில் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தனர்.

பதின்மூன்று டாலரும் ஏழு டாலரும்

கெட்டி ரொட்டியையும், காய்ச்சலையும், சிவப்புக் காற்சட்டையையும் பொறுத்துக்கொண்ட அவ்வீரர்கள் பொறுக்க முடியாமற் போன ஒன்று உண்டு. அதுதான் சம்பளம்.

வெள்ளையினச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். அதனுடன் உடைக்கான படியும் உண்டு. படையில் சேர்ந்தபொழுது கறுப்பின வீரர்களுக்கும் அதே சம்பளம் என்றே வாக்களிக்கப்பட்டது. 1863ஆம் ஆண்டில் அவ்வாக்கு மீறப்பட்டது. 1862ஆம் ஆண்டுச் சட்டமொன்றைக் காட்டி, கறுப்பினத்தவருக்கு மாதம் 10 டாலர்தான், அதிலும் 3 டாலர் உடைக்குப் பிடித்துக்கொள்ளப்படும் என்றனர். கையில் கிடைப்பதோ 7 டாலர். சார்ஜண்டாக உயர்ந்தாலும் அதே 7 டாலர்தான். அந்தச் சட்டம், முகாம் வேலைக்கு அமர்த்தப்படும் கூலியாட்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதாகும். துப்பாக்கி ஏந்தி நின்றவனை அரசு மண்வெட்டி ஏந்தியவனாகவே கணக்கெழுதிற்று என்பதுதான் இதன் பொருள்.

உண்மையில் மண்வெட்டியும் அவர்கள் கையில்தான் இருந்தது. பதுங்குகுழி தோண்டுதல், மணல்மூட்டை அடுக்குதல், பீரங்கி இழுத்தல் போன்ற பணிகள் கறுப்பினப் படைகளுக்கே மிகுதியாக ஒதுக்கப்பட்டன. பயிற்சிக்கு நேரமில்லாமல் மண் சுமந்தவர்களைப் பார்த்து, இவர்களுக்குப் போர்ப்பயிற்சி போதாது என்றும் சிலர் குறை கூறினர்!

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 54ஆம் படைப்பிரிவு, 1863 ஜூலை 18ஆம் நாள் மாலை, தென் கரோலினாவின் மோரிஸ் தீவிலிருந்த வாக்னர் கோட்டையைத் தாக்கிற்று. சுமார் 600 பேர் சென்றனர். அவர்களில் 270க்கும் மேற்பட்டோர் மாண்டனர், காயமுற்றனர் அல்லது காணாமற் போயினர். படைத்தலைவர் ராபர்ட் குல்ட் ஷா கோட்டைச் சுவரின் மீதே உயிர்நீத்தார். எஞ்சியவர்கள் அதே தீவின் மணலில், எதிரியின் குண்டுகளுக்கிடையே பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தனர். அவர்களிடம்தான் 7 டாலர் நீட்டப்பட்டது.

அவர்கள் அதைத் தொட மறுத்தனர். குறைவதை நாங்கள் ஈடுகட்டுகின்றோம் என்று மாசசூசெட்ஸ் மாநில அரசு முன்வந்தது. அதனையும் மறுத்தனர். பணம் குறைகிறது என்பதா அவர்களது வழக்கு? தங்களை மற்றவர்களுக்குச் சமமானவர்களாக நாடு ஏற்க வேண்டும் என்பதன்றோ! தென் கரோலினா வீரர்களுள் பலரும் அவ்வாறே செய்தனர். எங்கள் உழைப்பை அரசுக்கு இனாமாகவே தருகின்றோம், ஆனால் 7 டாலரை வாங்கி எங்களை நாங்களே இழிவுபடுத்திக்கொள்ள மாட்டோம் என்ற பொருள்பட அவர்கள் சொன்னதை ஹிக்கின்சன் பதிவு செய்துள்ளார்.

இச்செய்தியை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு முறை கதையாகச் சொன்னேன். வீரர்களின் மன உறுதியைக் கேட்டுக் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தி, "டீச்சர், அப்படியென்றால் வீட்டில் இருந்தவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடையும் சூசியின் நூலிலேயே உள்ளது. கணவன்மார் சம்பளம் வாங்காத மாதங்களில், மனைவியர் அதிகாரிகளின் துணிகளைத் துவைத்தனர். வீரர்களுக்கு விற்பதற்காகப் பலகாரம் செய்தனர். அப்படித்தான் பிள்ளைகளுக்கு உணவு கிடைத்தது. வடக்கே இருந்த 54ஆம் படையினரின் குடும்பங்களோ முகாமிலிருந்து வெகு தொலைவில் வறுமையில் வாடின. உணவில்லை, வாடகை கட்ட வழியில்லை என்ற கடிதங்கள் முகாமுக்கு வந்துகொண்டே இருந்தன. தன்மானத்தின் விலையைத் தான் மட்டும் கொடுப்பதென்றால் ஒருவன் கொடுத்துவிடலாம். வீட்டில் பசியோடு இருப்பவர்களும் சேர்ந்து கொடுக்க வேண்டிய நிலையில், ஒவ்வொரு சம்பள நாளும் அவ்வீரர்களுக்கு ஒரு போர்க்களமாகவே இருந்திருக்கும்.

இருவர் செய்தவை

அக்கசப்பு இரு வழிகளில் வெளிப்பட்டது.

தென் கரோலினா மூன்றாம் படையைச் சேர்ந்த சார்ஜண்ட் வில்லியம் வாக்கர், 1863 நவம்பரில் தம் குழுவினரை அழைத்துச் சென்று, படைத்தலைவரின் கூடாரத்திற்கு முன் துப்பாக்கிகளை அடுக்கி வைத்தார். ஒப்பந்தப்படி சம்பளம் தராத அரசுக்கு இனிப் பணி செய்ய இயலாது என்பதே அவர்களின் நிலைப்பாடு. வாக்கை மீறியது அரசு. ஆனால் கலகக் குற்றம் சாட்டப்பட்டதோ வாக்கர் மீது. 1864 பிப்ரவரி 29ஆம் நாள், ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மற்றொருவர் 54ஆம் படையின் கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங். முன்னர்த் திமிங்கில வேட்டைக் கப்பலில் பணிபுரிந்தவர். முகாமிலிருந்து நியூ பெட்ஃபோர்ட் நகர நாளேட்டுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதிவந்தார். 1863 செப்டம்பர் 28ஆம் நாள், மோரிஸ் தீவின் மணற்பரப்பில் அமர்ந்து, அவர் அதிபர் லிங்கனுக்கே நேராக ஒரு கடிதம் எழுதினார். தாங்கள் சிப்பாய்களா அல்லது கூலியாட்களா என்பதே அக்கடிதத்தின் மையக் கேள்வி. சிப்பாய்க்குரிய கடமையைச் செய்துவிட்டோம். சிப்பாய்க்குரிய சம்பளம் ஏன் இல்லை என்று அவர் வினவினார். கெஞ்சலும் இல்லை, வசையும் இல்லை. நடந்தது என்ன, வாக்களிக்கப்பட்டது என்ன, வேண்டுவது என்ன என்று வரிசையாகச் சொல்லும் கடிதம் அது.

வாக்கர் செய்தது தவறு, குடிங் செய்தது சரி என்று தீர்ப்புக் கூற எனக்கு மனம் வரவில்லை. இருவர் கேட்டதும் ஒன்றுதான். குடிங்கின் கடிதத்தோடு பிற வீரர்களின் கடிதங்களும் விண்ணப்பங்களும், ஹிக்கின்சன் போன்ற அதிகாரிகள் நாளேடுகளுக்கு எழுதியவையும் சேர்ந்து நாட்டின் மனச்சான்றை உறுத்தின. 1864 ஜூன் மாதத்தில் நாடாளுமன்றம் சமச்சம்பளச் சட்டத்தை நிறைவேற்றிற்று.

அதிலும் ஒரு வேறுபாடு வைக்கப்பட்டது. போர் தொடங்கிய காலமான 1861 ஏப்ரல் 19ஆம் நாளன்று அடிமையாக இல்லாதவர்களுக்கு மட்டுமே, படையில் சேர்ந்த நாள் முதலான முழு நிலுவை. 54ஆம் படையில் அடிமை நிலையிலிருந்து தப்பி வந்தவர்களும் இருந்தனர். அவர்களின் தலைவர் எட்வர்ட் ஹாலோவெல் ஓர் உறுதிமொழியை அமைத்தார். அந்நாளில் எவருக்கும் ஊதியமின்றி உழைக்க நான் கடமைப்பட்டிருக்கவில்லை என்பதே அதன் கருத்து. அடிமையாகப் பிறந்தவனும் நெஞ்சறிந்து சொல்லக்கூடிய உறுதிமொழியன்றோ அது! சட்டத்தின் வேலியை மனிதன் அறத்தால் தாண்டிய தருணமாகவே இதனை நான் காண்கின்றேன். தென் கரோலினா வீரர்களைப் போன்றோரின் முழு நிலுவைக்கு 1865 மார்ச் மாதத்தில்தான் சட்டம் வந்தது.

குடிங் அந்தப் பணத்தைக் காணவில்லை. 1864 பிப்ரவரியில் ஓலஸ்டிப் போரில் காயமுற்றுச் சிறைப்பட்ட அவர், ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் ஜூலை 19ஆம் நாள் இறந்தார். ஏறத்தாழ 13,000 கைதிகள் மாண்ட சிறை அது. அவர் எழுதிக் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால், கேட்டவர் இல்லை.

நமக்கும் அந்த முகாமுக்கும்

தொடக்கத்தில் குறிப்பிட்ட தொடர்புக்கு இப்பொழுது வருகின்றேன்.

கட்டுரைப் பாடத்தில் நாம் கடிதம் எழுதக் கற்பிக்கின்றோம். அனுப்புநர், பெறுநர், தேதி, விளிப்பு, தலைப்பு, முடிவு என்று வடிவத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுகின்றோம். வடிவத்திற்கு இத்தனை புள்ளி, கருத்துக்கு இத்தனை புள்ளி என்று கணக்கும் வைத்திருக்கின்றோம். 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகும் அந்தப் பழக்கம் நம் கையை விட்டு முழுமையாக அகலவில்லை. "கால்வாய் அடைத்துக்கொண்டது பற்றி நகராண்மைக் கழகத்துக்குப் புகார்க் கடிதம் எழுதுக" என்றால் முப்பது மாணவர்களும் ஒரே கடிதத்தை எழுதித் தருகின்றனர். அந்தக் கால்வாயை எவரும் பார்த்ததில்லை. அதன் நாற்றத்தை எவரும் முகர்ந்ததும் இல்லை.

குடிங் எழுதியதும் ஒரு வகையில் புகார்க் கடிதம்தான். அதனை எழுதச் செய்தது புள்ளி அன்று. சொல்லியே தீர வேண்டிய ஒன்று அவரிடம் இருந்தது. சொல்வதற்குரிய எழுத்தும் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் கடிதம். எழுத்தை நாம் கொடுத்துவிடுகின்றோம். சொல்லியே தீர வேண்டியதைப் பிள்ளையிடம் கேட்டிருக்கின்றோமா?

இன்னொரு செய்தியும் நம் கவனத்துக்குரியது. மிசௌரி மாநிலத்தில் திரட்டப்பட்ட 62ஆம் கறுப்பினப் படைப்பிரிவில் கல்வி ஒரு கட்டளையாகவே இருந்தது. 1865 புத்தாண்டுக்குள் படிக்கக் கற்றுக்கொள்ளாத சார்ஜண்டுகளும் கார்ப்பரல்களும் பதவி இழப்பர் என்று ஆணை பிறந்தது. சீட்டு விளையாடிப் பிடிபட்டவனை முகாமின் நடுவில் நிறுத்தி, கையில் புத்தகத்தைக் கொடுத்து, பாடத்தை ஒப்பிக்கும்வரை விடக்கூடாது என்றும் அப்படையின் தலைவர் உத்தரவிட்டார். படித்தபொழுது சிரிப்பு வந்தது. நம் பள்ளிகளிலும் தண்டனையாக நூறு முறை எழுதச் சொல்லும் வழக்கம் இருந்ததல்லவா! எழுத்தைத் தண்டனையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், அவ்வீரர்கள் எழுத்தை வெறுத்துவிடவில்லை. போர் முடிந்ததும் அவர்கள் செய்த முதற் காரியம், தங்கள் சம்பளத்திலிருந்து சுமார் 5,000 டாலர் திரட்டி, விடுதலை பெற்ற மக்களுக்கென ஒரு பள்ளி தொடங்க வழிசெய்ததுதான். மாதம் 13 டாலர் வாங்கிய சாதாரணச் சிப்பாய்களுள் சிலர் நூறு டாலர் வரை கொடுத்தனர். 65ஆம் படைப்பிரிவும் தன் பங்கைச் சேர்த்தது. 1866ஆம் ஆண்டு ஜெஃபர்சன் நகரில் தொடங்கிய அப்பள்ளி, இன்று லிங்கன் பல்கலைக்கழகமாக நிற்கின்றது.

பிடித்தம் போக எஞ்சிய கூலியிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுத்த பெற்றோர்களை நம் சமுதாயமும் அறியும். ஆகவே, அந்த 5,000 டாலரின் கனம் நமக்கு எளிதில் புரியும்.

சூசி கிங் டெய்லரைப் பற்றிச் சொல்ல இன்னும் சிறிது உள்ளது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் முகாமில் பணி செய்தும் ஒரு டாலர்கூடச் சம்பளமாகப் பெறவில்லை என்று அவரே எழுதுகின்றார். சமச்சம்பளம் கேட்டுப் போராடிய வீரர்களுக்கு எழுத்தறிவித்தவரின் கணக்கு எந்தச் சட்டத்தாலும் தீர்க்கப்படவில்லை. போருக்குப் பின் சவானா நகரில் தம் வீட்டிலேயே பள்ளி தொடங்கினார். மாதக் கட்டணம் ஒரு டாலர். 1866ஆம் ஆண்டில் கணவரை இழந்தார். அருகில் இலவசப் பள்ளி திறக்கப்பட்டதும் மாணவர்கள் அங்குச் சென்றுவிட்டனர். பிறகு வீட்டு வேலைக்குச் சென்று பிழைத்தார். 1902ஆம் ஆண்டில் தம் முகாம் வாழ்க்கையின் நினைவுகளை நூலாக வெளியிட்டார். அவர் எழுதாமல் விட்டிருந்தால், சிவப்புக் காற்சட்டையும் ஆமை முட்டையும் துணி துவைத்துப் பிள்ளை வளர்த்த அந்த மனைவியரும் நமக்குத் தெரியாமலே போயிருப்பார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டில் எதையேனும் குறித்து முணுமுணுத்தால், அடுத்த முறை ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து அதனை எழுதித் தரச் சொல்லுங்கள். நடந்தது என்ன, வாக்களிக்கப்பட்டது என்ன, வேண்டுவது என்ன என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். எழுத்துப்பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். முதலில் படித்துவிட்டு, அப்பிள்ளைக்கு ஒரு பதில் எழுதுங்கள்.

அன்புடன், மீண்டும் சந்திப்போம்.